புறாமலைக்குச் செல்லும் குடும்பத்தாருக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைச் சொல்லப் புகுந்தவர்கள் பெரும்பாலும் அதன் ஆழத்தையும், மலைகள் அரணாய்ச் சூழ்ந்த அதன் அமைப்பையும், அதைக் கைப்பற்ற ஐரோப்பிய வல்லரசுகள் நடத்திய யுத்தங்களையும் வருணித்து நிறுத்திக்கொள்வது வழக்கம். குழந்தைகளோடு பிரயாணம் செய்கிற குடும்பத்துக்கு அவற்றினும் அதிக ஆனந்தமும் அறிவும் தரவல்ல ஓர் இடம், நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் உள்ள நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்தில், கண்ணெதிரே கடலில் கிடக்கிறது. ஊர்மக்கள் புறாமலை என்றும், அரசாங்கப் பத்திரங்கள் புறாத்தீவு தேசிய பூங்கா என்றும் வழங்கும் அவ்விடத்துக்கு எப்போது போவது, எப்படிப் போவது, போன இடத்தில் எவ்விதம் நடந்துகொள்வது என்பவற்றைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். இம்மூன்றில் கடைசியானதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். முதலிரண்டையும் நிலாவெளிச் சந்தியில் உள்ள எந்தக் கடைக்காரரும் அன்போடு சொல்லிவிடுவார்.

பெயரில் ஒரு மலை இருந்தாலும், அங்கே இருப்பவை இரண்டு சிறு கற்றீவுகள். பெரியது ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் உடையது. அதன் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 45 மீற்றர். உருண்டு திரண்ட பெரும்பாறைகளின் இடுக்குகளிலே, நம் வீட்டுக் கூரைகளிலும் கோயிற் கோபுரங்களிலும் வாழும் புறாக்களுக்கெல்லாம் மூதாதையான மலைப்புறா இன்னும் காட்டுப்பறவையாகவே கூடுகட்டி வாழ்கிறது. தீவுக்குப் பெயர் வந்தது இப்புறாக்களால்தான். பிரித்தானியர் காலத்திலே கடற்படையினர் இப்பாறைகளைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினார்கள் என்று சொல்வார்கள். சுடுவதற்குரிய இலக்காய் இருந்த அதே தீவு 1963-இல் சரணாலயமாகவும், 2003-இல் சுற்றிலுமுள்ள கடலையும் சேர்த்துத் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. பூங்காவின் விஸ்தீரணம் சுமார் 471 ஹெக்டேயர். அதிலே தீவுகள் இரண்டும் அடைத்துக்கொண்டிருப்பது மிகச் சிறு பங்கே என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். படகிலிருந்து மணலில் இறங்கியதும் பூங்காவுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எண்ணுகிறவர், உண்மையில் பூங்காவின் பெரும்பகுதியைக் காணாமலே அதன் சிறு துண்டொன்றில் நிற்கிறார். புறாமலையின் சிறப்பு ஜலத்துக்குள்ளே இருக்கிறது.

காலத்தைப் பற்றி முதலிற் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்குக் கரைக்கு மழையும் கொந்தளிப்பும் கொண்டுவருவது வாடைக்காற்று. ஐப்பசி கடைசியில் தொடங்கி மாசி வரையில் கடல் கலங்கி, அலை ஓங்கி, ஜலம் கலங்கல் நிறமாய் இருக்கும். அந்நாட்களில் படகு போவது அரிது, போனாலும் ஜலத்தினுள் ஒன்றும் புலப்படாது. சித்திரை பிறந்த பிறகு கடல் அடங்கிவிடும். புரட்டாசி வரையில் அந்த அமைதி நீடிக்கும். கொழும்பிலும் காலியிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற வைகாசி, ஆனி மாதங்களிலே நிலாவெளிக் கடல் கண்ணாடிபோல் தெளிந்திருப்பதனால், மேற்குக் கரையில் மழைக்கு அஞ்சிப் பிரயாணத்தைத் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் கிழக்குக்கு வருவது உசிதம். பாடசாலை விடுமுறையான ஓகஸ்ட் மாதத்திலும், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும், நீண்ட வார இறுதிகளிலும் ஜனக்கூட்டம் மிகுந்திருக்கும். கூட்ட நாளில் போவதைத் தவிர்க்க முடிந்தவர்கள் தவிர்ப்பது தங்களுக்கு மட்டுமன்றிக் கடலடியில் வாழும் ஜீவன்களுக்கும் செய்கிற உபகாரம்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் குச்சவெளிக்கோ புல்மோட்டைக்கோ புறப்படுகிற எந்த பஸ்ஸும் உப்புவெளியையும் சாம்பல்தீவையும் கடந்து நிலாவெளியில் இறக்கிவிடும். உப்புவெளியில் வீதியோரத்தில் இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்டவர்களின் மயானம் ஒன்று மிகுந்த சுத்தத்தோடு பராமரிக்கப்படுகிறது. அவசரமில்லாதவர்கள் திரும்பும் வழியில் அங்கே சற்று நேரம் நிற்கலாம். நிலாவெளிக் கரையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரின் அலுவலகம் இருக்கிறது. நுழைவுச்சீட்டை அங்கேயே வாங்க வேண்டும். படகுக் கூலி அதினின்றும் வேறானது. உள்நாட்டாருக்கும் வெளிநாட்டாருக்கும் கட்டணத்தில் மிகுந்த வித்தியாசம் உண்டாதலால், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரை அழைத்துச் செல்கிறவர்கள் அடையாள அட்டைகளையும் கடவுச்சீட்டுகளையும் கையோடு வைத்திருத்தல் நலம். படகுக்குப் பேசும்போது, காத்திருக்கும் நேரம் எவ்வளவு, ஜலத்தில் உடன் இறங்குகிற வழிகாட்டி உண்டா, குழந்தைகளின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாவதற்கு விடை திருப்தியாய் இல்லாவிட்டால் வேறு படகு பார்ப்பதே முறை. பெரியவர்களின் அங்கியைக் குழந்தைக்கு இறுக்கிக் கட்டுவதால் பிரயோசனமில்லை, ஜலத்தில் விழுந்ததும் அது மேலெழும்பிக் குழந்தையின் முகத்தை மூடிவிடும்.

விடியற்காலையில் போவதே சிலாக்கியம். காற்று எழுவதற்கு முன் ஜலம் அசையாதிருக்கும், வெயில் முதுகைச் சுடாது, கூட்டமும் வந்து சேர்ந்திராது. சுறாக் குட்டிகள் கரையோரம் உலாவுவதும் அந்நேரத்தில்தான் அதிகம். பிற்பகலில் கிளம்பிச் சென்று, கலங்கிய ஜலத்தையும் களைத்த குழந்தைகளையும் கண்டு மனம் சலித்துத் திரும்புகிறவர்கள் பலர்.

எடுத்துச்செல்ல வேண்டியவை மிகக் கொஞ்சம். தீவிலே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று எதிர்பாராமல், ஆளுக்கு ஒன்றரை லீற்றராவது குடிநீரைப் பலமுறை உபயோகிக்கத்தக்க போத்தல்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். பொலித்தீன் பைகளும், ஒருமுறை உபயோகித்து எறியும் தட்டு, கோப்பை முதலியவையும் கரையிலேயே நிற்கட்டும். ஆளுக்கொரு துவாய், மாற்றுடை, குழந்தைகளுக்குக் கொஞ்சம் பிஸ்கட் அல்லது வாழைப்பழம், வெயிலுக்குத் தொப்பி இவை போதும். சோற்றுப் பார்சல் வேண்டாம். ஜலத்தில் மிதக்கப் போகிறவருக்கு வயிறு நிரம்ப உண்பது துன்பம், தீவில் சிந்துகிற சோற்றுக்குக் காக்கைகளும் எலிகளும் பழகிப்போவது புறாக்களின் முட்டைகளுக்கு ஆபத்து. தோலில் பூசுகிற வெயிற்களிம்பைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒக்ஸிபென்சோன், ஒக்டினோக்ஸேட் என்ற இரசாயனங்கள் கலந்த களிம்புகள் முருகைக்கற்களுக்குத் தீங்கு செய்கின்றன என்ற காரணத்தால் ஹவாய்த் தீவுகளில் 2021 முதலும், பலாவு நாட்டில் 2020 முதலும் அவற்றின் விற்பனை தடுக்கப்பட்டிருக்கிறது. நமக்கு அந்தச் சட்டம் வருமட்டும் காத்திருக்கத் தேவையில்லை. முழுக்கைப் பருத்திச் சட்டையோ நீச்சற் சட்டையோ அணிந்து இறங்கினால் களிம்பும் வேண்டியதில்லை, பாறை உரசி ஏற்படும் சிராய்ப்புக்கும் அது காப்பாகும்.

முகக்கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் கரையிலே வாடகைக்குத் தருவார்கள். கண்ணாடியைத் தெரிந்தெடுக்கும் முறை எளிது. பட்டியை மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுத்துவிடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. குழந்தைக்கும் இவ்விதமே சோதித்து, விளிம்புக்குள் ஒரு மயிரிழைகூட அகப்படாதபடி தலைமயிரை ஒதுக்கிக் கட்டுங்கள். அதன் பிறகு முக்கியமான ஒரு காரியம் இருக்கிறது: படகேறுவதற்கு முந்திய மாலையிலோ அன்று காலையிலோ, நிலாவெளிக் கரையின் முழங்கால் ஆழத்தில் குழந்தையைக் குனியவைத்து, முகத்தை ஜலத்தில் அமிழ்த்தி, குழாய் வழியாக மூச்சுவிடப் பழக்குங்கள். அங்கே அடியில் மணல் தவிர வேறொன்றுமில்லை. குழந்தை பயந்து காலூன்றினாலும் ஒன்றும் நசுங்காது. இந்தப் பழக்கத்தைப் புறாமலையின் முருகைக்கற்களுக்கு மேலே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள்தாம் அங்கே பெரும்பாலான சேதத்துக்குக் காரணர் ஆகிறார்கள். அதில் தீய எண்ணம் சிறிதும் இல்லை, பயம் ஒன்றுதான் இருக்கிறது.

எஞ்சின் பூட்டிய ஃபைபர் படகு தீவை அடையச் சில நிமிஷங்களே செல்லும். படகின் முன்பக்கம் அலையில் அடித்துக் குலுக்குமாதலால் முதியவர்களும் கர்ப்பிணிகளும் பின்பக்கம் அமர வேண்டும். படகோட்டிகள் அக்கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் சொல்லைப் பொருட்படுத்தாமல் விடுவது அறிவீனம். ஒரு தாயார் தம் மகனை மடியில் இறுக்கிக்கொண்டு, "தம்பி, பிள்ளைக்கு நீந்தத் தெரியாது, பயமில்லையோ?" என்று கேட்க, ஓட்டியவர் எஞ்சினைத் தணித்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ அக்கா, அங்கி போட்டாப் பிள்ளை மிதக்கும். காலை மட்டும் கீழ வைக்க விடாதேங்கோ" என்றார். புறாமலைக்குப் போகிறவருக்குச் சொல்ல வேண்டிய எல்லாம் அந்த மறுமொழியில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. இனி வரும் பகுதி முழுவதும் அதற்கு நான் எழுதுகிற விரிவுரைதான்.

இறங்கியதும் காலடியில் வெண்மையாய்க் கலகலத்துக் கிடப்பவை இறந்த முருகைக்கற்களின் துண்டுகள். விரற்கணுப் போன்றவையும், மான்கொம்புக் கிளை போன்றவையும், வட்டமான மேற்பரப்பில் நெளிநெளியான கோடுகள் ஓடியவையுமாய்ப் பலவகை இருக்கும். ஒரு துண்டை உள்ளங்கையில் எடுத்து, வெயிலுக்கு நேராய்ப் பிடித்துக் குழந்தைக்குக் காட்டுங்கள். மேலெல்லாம் ஊசிமுனையளவு சிறுகுழிகள் நெருக்கமாய் அமைந்திருக்கும். சிலவகைகளில் ஒவ்வொரு குழியின் உள்ளும் சக்கரத்தின் ஆரங்களைப்போல மெல்லிய சுவர்கள் நடுவை நோக்கி ஓடும். ஒவ்வொரு குழியிலும் ஒரு ஜீவன் குடியிருந்தது. மென்மையான சிறு உடல், வாயொன்று, அதைச் சுற்றி நுண்ணிய விரல்கள் என்று அவ்வளவே உடைய அந்த ஜீவன், கடலில் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துத் தன் அடியில் கல்லாக்கி வீடு கட்டிக்கொண்டது. அதன் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் சமைத்த உணவில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்தன. முருகைக்கற்களில் நாம் காணும் மஞ்சளும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் இந்தப் பாசிகள் தந்த வர்ணம். குழந்தை இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிய பின், துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். பூங்காவிலிருந்து கல், சங்கு, சிப்பி எதனையும் எடுத்துச் செல்வது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்க, அக்கல்லும் மணலும்தான் அந்தச் சின்னத் தீவின் கரையை அலையினின்றும் காக்கின்றன.

இனி ஜலத்துக்குள் இறங்குவோம். கிளைகிளையாய் வளரும் மான்கொம்பு முருகை, எல்லாம் அனுகூலமாய் அமைந்தால் வருஷத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவு நீளும். குன்றுபோல் திரண்டு வளரும் வகைகளோ வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே அதிகம். ஆள் உயரத்துக்கு நிற்கிற ஒரு திரட்சியை நீங்கள் காண்பீர்களானால், அது உங்கள் பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் தொடங்கிய கட்டடமாயிருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்ளலாம். களைத்துப்போன ஒருவர் சற்றே இளைப்பாறுவதற்காக அதன்மேல் கால் வைத்து நிற்கும்போது, கிளைவகையானால் முறிகிறது. திரட்சிவகையானால் மேலிருக்கும் மெல்லிய உயிர்த்தோல் நசுங்கிக் கிழிகிறது. கிழிந்த இடத்தில் பாசி படிந்து, அவ்விடம் மீண்டும் உயிர்பெறுவது மிகக் கடினமாகிறது. ஒருவர் ஒருமுறை நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று சிலர் சொல்லக்கூடும். உள்நாட்டு யுத்தம் 2009-இல் முடிந்து பாதைகள் திறந்தபின் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தச் சிறிய இடத்துக்கு வந்து, ஒவ்வொருவரும் ஒருமுறை நின்றதன் விளைவை ஆழங்குறைந்த பகுதிகளில் இன்றும் பிரத்தியட்சமாய்க் காணலாம்: முறிந்த கிளைகள் கம்பளம்போல் அடியில் பரவிக் கிடக்கின்றன, அவற்றின் மேல் மீன்கள் நிற்பதில்லை.

ஆகையால் கால் வைக்காமல் இளைப்பாறும் வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கி அணிந்தவர் மல்லாந்து படுத்துக் கைகளை விரித்தால் எவ்வளவு நேரமும் மிதக்கலாம். கண்ணாடிக்குள் ஜலம் புகுந்தால் காலூன்ற இடம் தேடாமல், தலையை மட்டும் உயர்த்தி, கண்ணாடியின் கீழ்விளிம்பைச் சிறிது விலக்கி ஜலத்தை வடித்துவிடலாம். நிற்கத்தான் வேண்டுமென்றால் வெறும் மணல் தெரிகிற இடம் வரையில் நீந்திச் சென்று நிற்க வேண்டும். காலில் துடுப்பணிந்து பழக்கமில்லாதவர்கள் அதை அணியாதிருப்பதே மேல். பின்னே நீண்டு கிடக்கும் துடுப்பு எதை உதைக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. குழந்தைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கிலே, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மிதக்க வேண்டும். வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்வது வீண்செலவல்ல. நீரோட்டம் எப்பக்கம் இழுக்கிறது என்பதை அவர் அறிவார். கரையிலிருந்து தூரப் போக வேண்டாம் என்று அவர் சொன்னால் வாதாடாதீர்கள்.

அசையாமல் மிதக்கக் கற்றுக்கொண்டவர்க்குக் கடல் தன் குடிகளை ஒவ்வொருவராய்க் காட்டத் தொடங்கும். முதலில் காதுக்குத்தான் வேலை. தலையை அமிழ்த்தி மூச்சை நிதானப்படுத்தினால், கறுக், கறுக் என்று எங்கோ கற்கண்டு கடிக்கிற சத்தம் கேட்கும். அது கிளிமீன். நீலமும் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த அந்த மீனுக்குப் பற்கள் ஒன்றாய்ச் சேர்ந்து கிளியின் அலகுபோல் அமைந்திருக்கின்றன. இறந்த கல்லின்மேல் படிந்த பாசியை அது சுரண்டித் தின்னும்போது கல்லும் சேர்ந்து வாய்க்குள் போகிறது. தொண்டையிலுள்ள மற்றொரு பல்வரிசை அதை அரைக்கிறது. சிறிது தூரம் நீந்திச் சென்று, வாலுக்குப் பின்னே வெண்புகைபோல் ஒரு கோடு விட்டுச் செல்கிறது. அந்தப் புகை மணல். முருகைத் தீவுகளின் வெண்மணலில் கணிசமான பங்கு இப்படி மீனின் வயிற்றிலிருந்து வந்தது என்பதை நேரில் கண்ட குழந்தை, பின்பு பாடப்புத்தகத்தில் அதைப் படிக்கும்போது மறக்காது. பாசியை மேய்ந்து கல்லைச் சுத்தமாக்கும் இம்மீன் இல்லாவிட்டால் புதிய முருகை வந்து ஒட்டுவதற்கு இடமிராது. ரொட்டித் துண்டு எறிந்து மீன்களைக் கூட்டுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். ரொட்டிக்குப் பழகிய மீன் மேய்ச்சலை மறக்கிறது.

சுறாவின் பெயரைக் கேட்டதும் தகப்பன்மாரின் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன். புறாமலையைச் சுற்றித் திரிவது முதுகுத் துடுப்பின் நுனி கறுத்திருக்கும் சிறுவகைச் சுறா. முழு வளர்ச்சியிலும் பெரும்பாலும் ஒன்றரை மீற்றர் அளவே இருக்கும். மீனையும் கணவாயையும் தின்று வாழ்கிற அது மனிதரைக் கண்டால் விலகிப்போகிற கூச்ச சுபாவம் உடையது. முட்டையிடாமல், இரண்டு முதல் ஐந்து வரை குட்டிகளை ஈனும். குட்டிகள் பெரிய மீன்களுக்குத் தப்பி முழங்கால் ஆழத்து ஜலத்தில் வளர்கின்றன. கரையில் நின்றபடியே, மணலின்மேல் முழநீளத்து நிழலொன்று ஓடுவதையும், அதன் மேலே கறுப்புப் பொட்டு ஒன்று ஜலத்தைக் கீறிக்கொண்டு போவதையும் காணலாம். நீந்தத் தெரியாத பாட்டிமாரும் கைக்குழந்தைக்காரரும் இந்தக் காட்சிக்காகவே வரலாம். துரத்தாமலும், கை தட்டாமலும், ஜலத்தில் கல் எறியாமலும் இருக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனை.

ஆமையைக் காண்பது பாக்கியம். கிளியலகு போன்ற வாயுடைய அழுங்காமை, கற்களின் இடுக்கிலுள்ள கடற்பஞ்சுகளைப் பிடுங்கித் தின்பதற்காக இங்கே வருகிறது. ஓட்டின் அழகுக்காகவே நூற்றாண்டுக் கணக்கில் வேட்டையாடப்பட்ட இந்த இனம், உலகம் முழுவதிலும் அழிவின் விளிம்பில் நிற்பவற்றுள் ஒன்று. உலகிலுள்ள கடலாமை இனங்கள் ஏழில் ஐந்து இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. அவையனைத்தும் இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. ஆமை நுரையீரலால் மூச்சுவிடுகிற பிராணி என்பதை ஞாபகத்தில் வையுங்கள். அது அடியில் மேய்ந்துகொண்டிருக்கும்போது அதற்கு நேர்மேலே பத்துப்பேர் வட்டமிட்டு நின்றால், மூச்சுக்காக மேலே வர அதற்கு வழியில்லாமற் போகிறது. வந்தாலும் அரைமூச்சோடு மீண்டும் மூழ்கி ஓடுகிறது. பக்கவாட்டில், சில மீற்றர் தூரத்தில், அதன் முன்வழியை மறிக்காமல் மிதப்பவருக்கு அது தன் பாட்டில் மேய்வதையும், தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் நம்மைப் பார்ப்பதையும், அவசரமின்றி மேலெழுந்து மூக்கை மாத்திரம் ஜலத்துக்கு மேல் நீட்டுவதையும் காணக் கிடைக்கும். கையை நீட்டித் தொட்டுப் படம் பிடித்தவருக்கு ஓட்டின் பின்பக்கந்தான் கிடைக்கிறது.

1998-ஆம் வருஷத்தில் சமுத்திர ஜலம் மிதமிஞ்சிச் சூடேறியபோது இலங்கையின் தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்த முருகைத் தோட்டங்கள் வெளுத்து மடிந்தன. ஹிக்கடுவைக்கு நேர்ந்த சேதம் பெரிது. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு பாகை உஷ்ணம் சில வாரங்கள் நீடித்தாலே, முருகை தன்னுள் குடியிருக்கும் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெண்மையாகிறது. உஷ்ணம் தணியாவிட்டால் பட்டினியால் சாகிறது. அந்த வருஷத்தில் திருகோணமலைக் கரை பெரும்பாலும் தப்பியது. தப்பிய இடங்களிலிருந்துதான் மற்ற இடங்களுக்கு உயிர்வித்து போகக்கூடும் என்பதால், இவ்விடத்தின் மதிப்பு இரட்டித்தது. சமுத்திரத்தின் உஷ்ணத்தை ஒரு குடும்பத்தால் தணிக்க முடியாது. உஷ்ணத்தோடு போராடுகிற ஒரு ஜீவனின்மேல் மிதிக்காமல் இருக்க முடியும்.

ஜலத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் குழந்தைகளை விட வேண்டாம். உதடு நீலம் பாய்ந்தாலோ, உடல் நடுங்கினாலோ உடனே கரையேற்றித் துவாயால் துடைத்து வெயிலில் உட்காரவையுங்கள். சிராய்ப்பு ஏதும் ஏற்பட்டிருந்தால் கரைக்குத் திரும்பியதும் நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு நன்றாய்க் கழுவ வேண்டும். முருகையின் கீறல் ஆற நாட்செல்லும், சிவந்து வீங்கினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். உடல் காய்கிற நேரத்தில் பாறை நிழலில் அமர்ந்து புறாக்களைப் பார்க்கலாம். கூடு தேடிப் பாறை இடுக்குகளில் ஏறுவது தகாது.

மாலையில் நகரத்துக்குத் திரும்பி இன்னும் சக்தி மிஞ்சியிருக்கிற குடும்பத்தார், கோட்டைக்குள்ளே நுழைந்து கோணேசர் கோயிலை நோக்கி நடக்கலாம். போர்த்துக்கேயர் 17-ஆம் நூற்றாண்டில் பழைய ஆலயத்தை இடித்து அக்கற்களைக் கொண்டு கட்டிய கோட்டை அது. இடித்துத் தள்ளப்பட்டவற்றுள் சில, கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் கிடப்பதை 1956-இல் மைக் வில்சனும், பின்னர் இலங்கையையே தம் வீடாக்கிக்கொண்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிக் கண்டார்கள். மலையுச்சியிலிருந்து கீழ்த்திசைக் கடலை நோக்கினால், மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கும் மாபெரும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே ஆழ்ந்து இறங்குவதனால், பங்குனி, சித்திரை மாதங்களில் நீலத்திமிங்கிலத்தின் மூச்சு வெண்தூணாய் எழுவதைக் கண்டவர்களும் உண்டு. படகேறித் திமிங்கிலத்தைத் துரத்துவதைவிட, இங்கே பொறுமையாய் உட்கார்ந்து கடலை உற்றுநோக்குவதையே நான் குழந்தைகளுள்ள குடும்பத்துக்குச் சிபாரிசு செய்வேன்.

கோட்டை வாசலை அடுத்த மரநிழல்களில் புள்ளிமான்கள் பசுக்களைப்போல் பயமின்றித் திரிகின்றன. அவற்றுக்குக் கச்சானும் பிஸ்கட்டும் ஊட்டுவது குழந்தைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி; மானுக்கோ அது நோய். தீனியோடு சேர்த்துத் தின்ற பொலித்தீன் இரைப்பையில் திரண்டு மான்கள் இறந்த சம்பவங்கள் இவ்வூரில் பல நடந்திருக்கின்றன. மான் அசைபோடுகிற பிராணியாதலால், உள்ளே போன பை வெளியேறவும் மாட்டாது, செரிக்கவும் மாட்டாது. குழந்தையின் கையில் ஏதேனும் பொட்டலம் இருந்தால் வாசலுக்கு வெளியிலேயே தின்று முடிக்கச் செய்து, வெற்றுப் பையை உங்கள் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆண் மான் கொம்பைத் தாழ்த்தி நின்றால் பக்கத்தில் போகாமல் சுற்றிப் போங்கள். குட்டியோடு நிற்கும் பிணையையும் நெருங்க வேண்டாம். ஆலயத்துக்குள் செல்ல எண்ணியிருப்பவர்கள் நீச்சல் உடையை மாற்றி, நல்ல தண்ணீரில் உப்புப்போகக் குளித்து, பூசை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுவது நலம்.